ஏழு கறியும் ஏழு கோலும்

பன்னிரண்டு வருஷத்தில் எட்டுக் கரும்புத் தோட்டங்களுக்குக் கால்பந்து ஆடியிருக்கிறேன். பொழுதுபோக்குக்கு அல்ல, பிழைப்புக்கு. சர்க்கரை ஆலைப் புத்தகத்தில் ஓரிடத்தில் என்னை இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவன் என்று எழுதியிருப்பார்கள், இன்னோரிடத்தில் காவல்காரன் என்று. ஒரு தோட்டத்தில் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்று எழுதினார்கள். அந்தக் கழுதைகளை நான் கண்ணால் கண்டதில்லை. கரும்பு வெட்டு முடிந்து ஆலை அடங்கியதும் தோட்டத்துக்குத் தோட்டம் ஞாயிற்றுக்கிழமை மாட்ச் தொடங்கிவிடும். ஆலை அதிகாரிகளான வெள்ளைக்காரர்களுக்குக் குதிரைப் பந்தயத்துக்கு அடுத்த பைத்தியம் அதுதான். அந்த மாதங்களில் என் கால் ஓடினால் எனக்கு வேலை உண்டு, தங்க இடம் உண்டு. ஓடாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கூலிக்கு ஆடுகிறவனை யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள். பழைய தோட்டத்தோடு மோதும்போது ஒரு பந்தைத் தவறவிட்டால், அங்கே தின்ற சோறு பேசுகிறது என்பார்கள். அதே பந்தைக் கோலாக்கினால், நாளைக்கு நம்மையும் இப்படித்தானே உதைப்பான் என்பார்கள். எங்கள் தொழிலில் கால் ஒடிந்தால்கூட ஆறிவிடும். ‘மாட்சை வித்துட்டான்’ என்ற பேச்சு ஒன்று ஒட்டிக்கொண்டால் மட்டும் தீராது. ஆள் போய்ச் சேருவதற்கு முன்னால் அது அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். தீவு அவ்வளவு சின்னது. அந்தப் பேச்சில் மாட்டிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவன் சென்ட்ர் டி ஃப்ளாக் சந்தையில் கீரை விற்றான். இன்னொருவன் என்ன ஆனான் என்று கேட்பாரில்லை.

நானும் யாரையும் நம்பியதில்லை. இது தொழில் கொடுத்த குணம் என்று நான் சொல்வேன், பிறவிக் குணம் என்று என் மனைவி சொல்வாள். பூட்ஸுக்கு அடியில் வைக்கிற தோல் துண்டுகளை நானேதான் ஆணி அடிப்பேன். வேறு ஒருவன் அடித்தால் ஆணி உள்பக்கம் எட்டிப்பார்க்கும்படி அடிப்பான் என்று ஒரு பயம். மாட்சுக்கு முன் பொது வாளியில் தண்ணீர் குடிக்க மாட்டேன். யாராவது தோளில் தட்டி நன்றாக ஆடினாய் என்றால், இவன் ஏன் இதைச் சொல்கிறான் என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்துகொள்வேன். பெரும்பாலும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தும் விடுவேன்.

ஐந்தாவதாக நான் போய்ச் சேர்ந்தது வடக்கே ஒரு தோட்டம். அதற்கு முந்தின வருஷம் ஃப்ளாக் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தேன். வடக்குத் தோட்டத்து ஆலையில் இரண்டாம் அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர், ‘மிஸ்யே’ (ஐயா) என்றே எல்லோரும் அழைப்பவர், என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார். அவருக்குக் கோஷ்டியைக் கட்டி மேய்த்தவர் சிர்தார், வயலில் ஆட்களை வேலை வாங்குகிற அதே சிர்தார். தமிழர், நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே வராதவர். முதல் நாளே என்னை ஆலை முற்றத்தில் நிறுத்திச் சொன்னார்.

“இங்க ஒரே ஒரு சட்டம்தான் தம்பி. மிஸ்யே போட்டது. விரதம் இருக்கிறவன் ஆடக் கூடாது. போன வருஷம் மூணு பேரு காவடிக்குன்னு பட்டினி கிடந்து வந்து மைதானத்துல நின்னுக்கிட்டே தூங்கினானுங்க. இந்த வருஷம் எவனாச்சும் விரதம்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளிய. எனக்கும் சாமி உண்டு. நான் என்ன பண்ணட்டும்?”

சரி என்று தலையாட்டினேன். அன்று எனக்கு விரதம் இருக்கிற எண்ணமே இல்லை.

என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். இரண்டும் இரண்டு வேறு தோட்டங்களில், மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஓட வேண்டிய கூரைக் குடிசைகளில் பிறந்து, மழையும் காய்ச்சலும் ஓயாத மார்ச் மாதத்தைத் தாண்டாமல் போயின. இந்தத் தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது கல் சுவர் வைத்த அறை. தரை ஈரமில்லை. மருத்துவச்சி இரண்டு வாசல் தள்ளி இருந்தாள். வந்த முதல் நாளே என் மனைவி தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த அறைய விட்டு நான் புள்ளையோடதான் வெளிய வருவேன். அதுவரைக்கும் நீங்க எவனோடயும் வம்புக்குப் போகாதீங்க” என்றாள். அத்தோடு விட்டிருந்தால் சரி. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு தீ மிதிக்க வேண்டும் என்றும் சொன்னாள். அதுவும் அவள் பிறந்த ஊர்க் கோயிலில், அவள் அண்ணன் முன்னால்.

சட்டத்தைச் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “மிஸ்யேவுக்குப் பயப்படுவீங்க, அம்மனுக்குப் பயப்பட மாட்டீங்களா?” என்று கேட்டாள். பயம் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் இரண்டு தடவை குழி தோண்டியவன் நான்.

தீமிதிக்குப் பத்து நாள் முன்னால் அவள் ஊருக்குப் போய் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தேன், மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டு. காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்றார் பூசாரி. எல்லை தாண்டித் தாண்டியே பிழைக்கிறவன் நான், என்ன செய்ய? மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தாண்டினேன். நாளுக்கு ஒரு வேளை, குளித்த பிறகு, அவள் கையால் சமைத்தது மட்டும்தான் சாப்பாடு. அந்நிய வீட்டு அடுப்பில் வெந்த ஒரு பருக்கை வாய்க்குள் போகக் கூடாது. காப்பு தெரியாமலிருக்க மணிக்கட்டில் பழைய சேலைத் துணியைச் சுற்றி, சுளுக்கு என்று சொல்லிவைத்தேன்.

அதைக் கண்டுபிடித்தவன் எங்கள் கோல்கீப்பர் ஒருவன்தான். ரோஷ் புவாவிலிருந்து வந்த கிரியோல்காரன், ஆப்பிரிக்க வழி வந்தவன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் குடும்பம். வாசல் நிலைக்குக் குனிந்து வருகிற உயரம். எங்கள் கோஷ்டியில் தமிழரல்லாதவன் அவன் ஒருவன். என்னைப் போலவே கூலிக்கு ஆடுகிறவன். சாப்பாட்டில் அவனுக்கு இணையான ஆளை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லி எல்லோரும் கிண்டல் செய்வார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒருநாள் பயிற்சியின்போது மரத்தடியில் உடை மாற்றிக்கொண்டிருந்தேன், துணி அவிழ்ந்து மஞ்சள் நூல் வெளியே தெரிந்தது. அவன் பக்கத்தில்தான் நின்றான். பார்த்தான். சுற்றுமுற்றும் ஒரு பார்வை விட்டான். பிறகு தன் விரல்களுக்குக் கட்டுகிற துணியில் ஒரு கீற்றைக் கிழித்து என் மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிவிட்டான்.

“கெட்டியா கட்டணும் கமராட்” என்றான். கமராட் என்றால் கூட்டாளி; அவன் பேசியதெல்லாம் தீவின் பொதுப் பேச்சான கிரியோல்தான். நானும் அவனோடு கிரியோலில்தான் பேசுவேன். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வேறு யாராக இருந்தாலும் மனசு குளிர்ந்திருக்கும். எனக்குக் குளிரவில்லை. இவன் கையில் இப்போது என் குடுமி இருக்கிறது என்று நினைத்தேன். எப்போது இழுப்பான், எதற்காக இழுப்பான் என்பதுதான் கேள்வி. அன்றிலிருந்து அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கும் போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

காப்புக் கட்டிய ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மாட்ச் ஃப்ளாக்கில், என் பழைய தோட்டத்தோடு. ஆலை லாரியில் பதினைந்து பேர் போனோம். இறங்கியதும் கோயில் பக்கத்துக் கொட்டகையில் இலை போட்டிருந்தார்கள், ஏழு கறிச் சாப்பாடு. மாட்சுக்கு முன்னால் இப்படி வயிறு முட்டத் தின்பது மடத்தனம் என்று இன்றைக்கு யாரும் சொல்வார்கள். ஆனால் வந்த விருந்தாளியைப் பசியோடு மைதானத்தில் இறக்கினால் அந்தத் தோட்டத்துக்கே மானக்கேடு. போட்ட இலையை மீதி வைத்தால் விருந்தாளிக்கு மானக்கேடு. இந்த இரண்டு மானத்துக்கும் நடுவில் எங்கள் ஆட்கள் இடுப்பு நாடாவைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நான் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பக்கம் கோல்கீப்பர். பூசணிக்காய், பலாக்காய், வாழைக்காய், கீரை என்று வரிசையாக விழுந்தது. கடைசியில் எனாமல் குவளைகளில் ரசம் வந்தது, நல்ல புளிப்பு வாசனையோடு. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் போய்ப் போய்த் திரும்பியது. அவன் அதைப் பார்த்தான். என் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தன் இலையில் வைத்தான், பிறகு இன்னொரு பிடி. என் குவளையை எடுத்துக் குடித்துவிட்டுக் காலிக் குவளையை என் முன்னால் வைத்தான். பாதி இலை காலியானபோது சிர்தார் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று. உடனே இவன் எழுந்து, “ரசம்! இன்னும் ரசம்!” என்று கத்திக்கொண்டு சமையல் கொட்டகைக்குள்ளேயே போய்விட்டான். வரிசை முழுக்க ஒரே சிரிப்பு. சிர்தாரும் சிரித்தபடி திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் அங்கே சமையல்காரரோடு ஏதோ பேசிவிட்டு இரண்டு குவளையோடு வந்தான். சிர்தார் நகர்ந்ததும் என் இலையில் இருந்த மீதியையும் வழித்துத் தின்றான்.

முதல் பாதியில் ஒன்றுக்கு ஒன்று. எங்கள் கோல் நான் போட்டது. இடைவேளைக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. எங்கள் நடு ஆட்டக்காரன் பந்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினான். பின்னால் நின்ற இரண்டு பேர் கரும்புக்குள் ஓடினார்கள். ஒருவன் மைதானத்திலேயே வாந்தி எடுத்தான். கோல்கீப்பர்தான் எல்லோரிலும் மோசம். முகம் சாம்பல் பூத்துப்போய், கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவன் காலுக்கடியில் பந்து உருண்டு போனது, அவனால் குனிய முடியவில்லை. மொத்தம் ஏழு கோல் வாங்கினோம். நான் ஒருவன் மட்டும் கடைசி வரைக்கும் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன். ஓடாமல் நானும் வயிற்றைப் பிடித்திருக்கலாம் என்று லாரியில் திரும்பும்போதுதான் உறைத்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் சிர்தார் என்னை ஆலை முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

“பதினாலு பேரு வாந்தி எடுத்தான். உனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?”

“தெரியல சிர்தார்.”

“நீ போன வருஷம் அவுங்களுக்கு ஆடினவன். சாப்பாட்டுல என்னமோ கலந்திருக்கானுங்க, அது நிச்சயம். உனக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருக்கானுங்களா? நீ சாப்பிட்டியா இல்லியா?”

“சாப்பிட்டேன். நீங்கதான் இலைய பாத்தீங்களே.”

“பாத்தேன். பாத்ததுதான் எனக்குக் குழப்பம்.” ஆலை ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். “மிஸ்யே கொதிக்கிறாரு. நம்ம ஆளுல ஒருத்தன் அவுங்களுக்கு உடந்தைங்கறாரு. சாயங்காலத்துக்குள்ள ஒரு பேரு வேணும். வேற பேரு இல்லேன்னா உன் பேரைத்தான் சொல்லுவேன். உன் அறையயும் இன்னிக்கே காலி பண்ணணும்.”

விரதம் என்று சொன்னால் அன்றைக்கே வெளியே. சொல்லாவிட்டால் மாட்சை விற்றவன், அதுவும் வெளியே, வாழ்நாளுக்கும். அங்கே அறையில் என் மனைவி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தைக்குப் பழைய துணி கிழித்துக்கொண்டிருந்தாள். சிர்தார் போகத் திரும்பினார்.

“கோல்கீப்பர் சமையல் கொட்டகைக்குள்ள போனான்” என்றேன். “சமையல்காரரோட பேசிக்கிட்டிருந்தான்.”

பொய் சொல்லவில்லை என்று அன்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். போனதும் உண்மை, பேசியதும் உண்மை. அவன் எதற்காகப் போனான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். இதைவிடக் கேவலமான இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அதைச் சொன்ன நிமிஷத்தில் எனக்கே அவன்மேல் பாதி சந்தேகம் வந்துவிட்டது. ஒருவன் ஏன் இன்னொருவனுக்காக இரண்டு இலைச் சோற்றைத் தின்ன வேண்டும்? அங்கே அவ்வளவு நேரம் என்ன பேச்சு? அவன் என்னைக் காட்டிக்கொடுப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன்.

சிர்தார் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. “எனக்கும் அவன்மேல ஒரு கண்ணு இருந்துச்சு. நம்ம ஆளு இல்ல பாரு” என்றார். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வசதியும் எனக்குத் தேவைப்பட்டது.

அவனைக் கூப்பிட்டு விசாரித்தபோது நான் பத்தடி தூரத்தில் எண்ணெய்ப் பீப்பாய் பக்கத்தில் நின்றேன். அவனுக்கு இன்னும் நிற்கத் திராணியில்லை, சுவரில் சாய்ந்திருந்தான். சமையல் கொட்டகைக்கு எதற்குப் போனாய் என்று சிர்தார் கேட்டார். “பசிச்சது” என்றான். எல்லோரையும்விட உனக்கு ஏன் அதிகம் பசித்தது என்று கேட்டார். அதற்கு அவன் ஒரே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். இவன் பங்கையும் நான்தான் தின்றேன், இவன் கைத்துணியை அவிழ்த்துப் பாருங்கள் என்று. அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “நான் எப்பவும் அப்படித்தானே சிர்தார்” என்றான்.

மறுநாள் காலையில் அவனை அனுப்பிவிட்டார்கள். போகும்போது எங்கள் வாசலுக்கு வந்தான். தலையில் மரப்பெட்டி, கையில் பூட்ஸ்.

“எவனோ ஒருத்தன் என்னைப் பத்தி ஊதி விட்டிருக்கான் கமராட்” என்றான். “பரவாயில்ல. இன்னும் மூணு நாள்தானே உனக்கு? கைய பத்திரமா பாத்துக்கோ. புள்ள பொறந்ததும் ரோஷ் புவாவுக்குச் சொல்லி அனுப்பு.”

கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அவன் சொன்னது மிரட்டலா என்று அன்று நெடுநேரம் யோசித்தேன். என் புத்தி அப்படி.

தீ மிதித்தேன். தீக்குழியில் இறங்கும்போது அம்மன் இன்றைக்கு விட மாட்டாள் என்றே நினைத்தேன். பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை. மூன்று வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது, கல் அறையில், உலர்ந்த தரையில். மார்ச்சைத் தாண்டியது, ஏப்ரலைத் தாண்டியது. நான் ரோஷ் புவாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்கு அதிகம் வெட்கம்.

அடுத்த வருஷம் ஃப்ளாக் தோட்டத்துக்காரர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள், போனேன். அங்கே ஒருநாள் கோயில் சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அந்த விருந்தில் என்னதான் கலந்தீர்கள் என்று விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்னத்த கலக்கறது? கூட்டம் அதிகம்னு ஆலையில இருந்து பெரிய செம்புக் கொப்பரைய கொண்டாந்தோம். ராத்திரியே புளிய கரைச்சு ரசம் வெச்சு அதுலயே விட்டுட்டேன். ஈயம் பூசலன்னு யாரு பாத்தா? விருந்தாளிக்கு மொதல்ல ஊத்தினோம், நம்ம ஆளு கைவெக்கறதுக்குள்ள தீந்துபோச்சு. அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துல எங்க ஆளுங்களே விழுந்தப்பதான் எனக்கு வெளங்குச்சு. வெளிய சொல்ல முடியுமா? உங்க கோல்கீப்பரு வேற வந்து ரெண்டு குவளை கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாரு, பாவம். ரசம் நல்லா இருக்குன்னு என்னை அவ்வளவு புகழ்ந்தாரு.”

ஈயம் பூசாத செம்பில் புளி வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கோயில் விருந்துக்குச் சமைப்பது ஆண்கள். அவ்வளவுதான் விஷயம். விற்றவன் யாருமில்லை, வாங்கியவன் யாருமில்லை. அவன் கொட்டகையில் பேசியது ரசத்தைப் பற்றி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சிர்தாரிடம் சொன்னதையும் சேர்த்து. அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “அப்போ இவ அந்த மனுஷன் வயித்துல அடிச்சுப் பொறந்தவ” என்றாள். அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவனைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள் என்று பேச ஆரம்பித்த நாளில் சொன்னாள். நாளைக்குப் போகிறேன் என்றேன். அந்த நாளை ஐந்து வருஷம் தள்ளிப்போட்டேன்.

ஐந்து வருஷத்தில் என் முழங்கால் போய்விட்டது. பெரிய தோட்டங்கள் கூப்பிடுவதை நிறுத்தின. தெற்கே ரிவியேர் தே ஸாங்கீயில், சொந்தமாகக் கரும்பு போடுகிற சின்ன நிலக்காரர்கள் சேர்ந்து ஒரு கோஷ்டி வைத்திருந்தார்கள். பின்வரிசையில் நிற்கவும், இருக்கிறவர்களைப் பழக்கவும் என்னை வைத்துக்கொண்டார்கள். கோஷ்டித் தலைவர் சந்தைக்கு எதிரே கடை வைத்திருந்தவர், நாலு காணி கரும்பும் உண்டு. அந்தப் பருவத்தில் எங்களுக்குக் கோல்கீப்பர் இல்லை. ஒரு சனிக்கிழமை கடைக்குள் நுழைந்தபோது, வாசல் நிலைக்குக் குனிந்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான்.

இளைத்திருந்தான். தோள் மட்டும் மூட்டை தூக்கித் தூக்கி இன்னும் அகலமாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“இதோ, இவரையே கேளுங்க மிஸ்யே!” என்று தலைவரிடம் சொன்னான். “அஞ்சு வருஷமா எந்தத் தோட்டமும் என்னை உள்ள விடல. மாட்சை வித்தவன்னு சொல்றாங்க. அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்தவரு இவருதான். நான் வித்தேனா இல்லியான்னு இவருக்குத் தெரியும்.”

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. நம்பலாமா?”

நம்பலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றிருந்தால் ஒருவேளை காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஐந்து வருஷம் தேக்கிவைத்தது அணையை உடைத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். விரதத்தை, காப்பை, அவன் தின்ற என் இலையை, செம்புக் கொப்பரையை. “இவரு பேரைச் சிர்தார்கிட்ட சொன்னது நான்தான். தெரிஞ்சே சொன்னேன். இவரு மேல ஒரு குத்தமும் இல்ல” என்றேன். கிரியோலில்தான் சொன்னேன், அவனுக்கும் புரியட்டும் என்று. சொல்லும்போது அவன் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் துணியை மடித்து வைத்தார்.

“இதைச் சொல்ல உங்களுக்கு இவரு எவ்வளவு குடுத்தாரு?”

எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க” என்றார். “அன்னிக்கு ஏழு கோல் வாங்கினது இவரு. வாந்தி எடுக்காம ஓடினது நீங்க. அடுத்த வருஷமே அவுங்க தோட்டத்துல போயி வேலைக்குச் சேந்ததும் நீங்க. அன்னிக்கு சிர்தார்கிட்ட வேற மாதிரி பேசினேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னிக்குப் பேசறதுதான் நிஜம்னு எனக்கு யாரு சொல்லுவா? எனக்கென்னமோ ரெண்டு பேரும் சேந்து பண்ணினதாத்தான் தோணுது. நாளையில இருந்து நீங்களும் வர வேண்டாம்.”

சத்தியம் செய்தேன். குழந்தை மேல் ஆணையிட்டேன். அவர் சாமான் வாங்க வந்த ஒரு பெண்ணுக்குப் பருப்பு நிறுக்க ஆரம்பித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்.

வெளியே வந்தபோது அவன் பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சாலையைப் பார்த்தபடியே பேசினான்.

“சிர்தார் மேல சந்தேகப்பட்டேன்” என்றான். “அந்தச் சமையல்காரன் மேல பட்டேன். லாரி ஓட்டினவன் மேல, எனக்கு அப்புறம் கோல்ல நின்னவன் மேல, எல்லாரு மேலயும். மூட்டை தூக்கும்போதெல்லாம் ஒவ்வொருத்தனா எடுத்து வெச்சுப் பாப்பேன். அஞ்சு வருஷத்துல உன் பேரு ஒரு தடவைகூட வரல. நீ விரதத்துல இருந்தியே.”

பஸ் வந்தது. அவன் குனிந்து ஏறி, பின்னால் போய் உட்கார்ந்தான்.